அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி. – தங்கச்சியோட எட்டு மாசம் போய்ட்டு வந்த அனுபவம்

இது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட மனநலப் பிரிவு பத்தின ரிவ்யூ. ஊர் பேரும் ஆஸ்பத்திரி பேரும் போடல, நாங்க இருக்குறது சின்ன ஊரு, பேர் போட்டா தங்கச்சி யாருன்னு பத்து பேருக்குத் தெரிஞ்சுடும். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், எழுதினதை அவளே படிச்சுட்டு ரெண்டு இடத்துல எடுத்துடுன்னு சொன்னா, எடுத்துட்டேன். அவளுக்கு 19 வயசு, பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல்ல இருந்தா. இந்த மாதிரி ஓ.பி.க்கு கூட்டிட்டுப் போகலாமா வேணாமா, போனா என்ன கேப்பாங்க, பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்களான்னு ராத்திரி உக்காந்து போன்ல தேடிட்டு இருக்குறவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் போன வருஷம் அப்படித்தான் தேடினேன், உருப்படியா ஒண்ணும் கிடைக்கல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஓ.பி.க்கு முன்னாடி நடந்ததைச் சொன்னாத்தான் இது புரியும். எங்க வீட்டுல முதல்ல சந்தேகப்பட்டது நானும் இல்ல அம்மாவும் இல்ல, பல் டாக்டர். பல் கூச்சம் தாங்கலன்னு கூட்டிட்டுப் போனோம், அவங்க கண்ணாடியை வாய்க்குள்ள விட்டு மேல் பல்லோட உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க, அப்புறம் என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டு அவகிட்ட தனியா பேசினாங்க. வெளிய வந்து என்கிட்ட சொன்னது இதுதான், "முன்பல்லோட பின்பக்கம் எனாமல் கரைஞ்சிருக்கும்மா, சோடா குடிக்கிறதால இப்படி ஆகாது, வயித்து அமிலம் அடிக்கடி மேல வந்தாத்தான் இப்படி ஆகும், பொது டாக்டர்கிட்ட இல்ல, மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க." எனக்கு ஒண்ணும் ஓடல. ஏன்னா அவ ஒல்லி இல்ல. சாதாரண எடைதான். தீபாவளிக்கு வந்த சித்தி எல்லாம் கன்னம் வச்சிருக்கு, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கிச்சு போலன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கன்னம் காதுக்குக் கீழ இருக்குற எச்சில் சுரப்பி வீங்கினதுன்னு பின்னாடி டாக்டர் சொன்னப்போ அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அடிக்கடி வாந்தி எடுத்தா அப்படி வீங்குமாம்.

அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா வயிறு உப்புசம், மாதவிலக்கு தள்ளிப் போகுது, எப்பவும் சோர்வுன்னு மூணு டாக்டர் பார்த்தாச்சு. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, அல்சர் மாத்திரை. யாரும் "சாப்பிட்டப்புறம் என்ன பண்றே"ன்னு கேக்கல. நாங்களும் கேக்கல. சஷ்டி விரதம், வெள்ளிக்கிழமை விரதம்னு அவ இருந்தப்போ அம்மா பெருமையாத்தான் நினைச்சாங்க.

பல் டாக்டர் சொன்ன உடனே பயத்துல முதல்ல போனது ஒரு தனியார் கிளினிக். பேர் வேணாம். ஃபீஸ் 700, உள்ள இருந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது, டிப்ரெஷன்னு சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சு பத்தாவது நாள் வாக்கில தங்கச்சி ராத்திரி மூணு மணிக்கு சமையல்கட்டுல பாத்திரம் எல்லாம் இறக்கிப் போட்டு தேய்ச்சுட்டு இருக்கா. பேச்சு நிக்கல, ஒரு விஷயத்துலேந்து இன்னொண்ணுக்கு தாவுது, ஆன்லைன்ல ஏதேதோ ஆர்டர் போட்டிருக்கா, தூக்கம் இல்ல ஆனா களைப்பும் இல்ல. மாத்திரை வேலை செய்யுது, பிள்ளை தெளிஞ்சுட்டான்னு நாங்க சந்தோஷப்பட்டோம். நாலே நாள். அஞ்சாவது நாள் கட்டில்ல திரும்பிப் படுத்தவ ரெண்டு நாள் எழுந்திரிக்கல, அழுகை, கோவம், "என்னை விட்டுடுங்க"ன்னு ஒரே வார்த்தை. கிளினிக்குக்கு போன் பண்ணா அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான்னாங்க. அன்னைக்குத்தான் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதல் நாள் பத்தி விவரமா சொல்றேன். காலைல 7.30க்கு சீட்டு போடுற கவுண்டர் திறக்குறாங்க, காசு கிடையாது, ஆதார் எடுத்துட்டுப் போனா நல்லது. மனநலப் பிரிவுக்கு முன்னாடி மர பெஞ்சுல நாப்பது பேராவது இருந்திருப்பாங்க. நான் நினைச்ச மாதிரி ஒண்ணுமே இல்ல, ஸ்கூல் யூனிஃபார்ம்ல பிள்ளைங்க, கைக்குழந்தையோட அம்மாக்கள், லுங்கி கட்டின தாத்தா, எல்லாம் நம்ம தெரு ஆளுங்க மாதிரிதான். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா டம்ளர்ல டீ ஊத்தி தங்கச்சிக்கு நீட்டினாங்க, அவ வேணாம்னு சொல்லல, ரெண்டு கையால வாங்கிக்கிட்டா, அது இன்னும் கண்ணுல நிக்குது. ரெண்டரை மணி நேரம் காத்திருந்தோம். முதல்ல பி.ஜி. படிக்கிற இளம் டாக்டர் ஒருத்தர், அப்புறம் பெரிய டாக்டரம்மா.

அந்த இளம் டாக்டர் அவ வலது கையைத் திருப்பி விரல் முட்டியைப் பார்த்தார், அங்க ஒரு சின்னக் காய்ப்பு இருந்துச்சு, வருஷக்கணக்கா அந்தக் கையைப் பார்த்திருக்கேன், என் கண்ணுல பட்டதே இல்ல. அடிக்கடி வாந்தி எடுக்குறவங்க கையில பல்லு பட்டுப் பட்டு வர்றது, இதுக்கு ரசல் அடையாளம்னு பேரு, 1979ல லண்டன்ல ஜெரால்டு ரசல்னு ஒரு மனநல டாக்டர்தான் அள்ளிச் சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குற இந்த நோய்க்கே புலிமியான்னு பேர் வச்சு எழுதினார்னு சொன்னார். அவகிட்ட சொன்ன விதம்தான் எனக்குப் பிடிச்சுது, "உனக்கு மட்டும் வந்ததுன்னு நினைக்காதேம்மா, இதுக்கு பேரு இருக்கு, மருத்துவம் இருக்கு." உடனே ஈசிஜியும் ரத்தத்துல பொட்டாசியமும் எழுதிட்டாங்க. மனசு டாக்டர் எதுக்கு ஈசிஜி எழுதுறாருன்னு அம்மா கேட்டாங்க. வாந்தியில பொட்டாசியம் போயிடும், அது ரொம்பக் குறைஞ்சா இதயத் துடிப்பே தாறுமாறாகும், எடை சரியா இருக்குறவங்களுக்கும் ஆகும், வெளிய பார்த்தா தெரியாதுன்னார். அவளுக்கு குறைஞ்சுதான் இருந்துச்சு. ஒரு வருஷமா அல்சர் மாத்திரை கொடுத்தவங்க யாரும் இதைப் பார்க்கலங்கிறது எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி தூக்கம் பத்தி. தூக்கம் வரலையான்னு கேக்கல, "தூங்காமலே ஃப்ரெஷ்ஷா இருந்த நாள் எப்பவாவது உண்டா, இந்த மாத்திரைக்கு முன்னாடி?"ன்னு கேட்டாங்க. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பதினொண்ணாவது லீவுல ஒரு வாரம். ராத்திரி மூணு மணி நேரம்தான் தூங்கினா, ஆரி ஒர்க் பண்றேன்னு ஆறாயிரத்துக்கு நூலும் மணியும் வாங்கிட்டு வந்துட்டா, பதினஞ்சு ப்ளவுஸ்க்கு ஆர்டர் எடுத்தா, கடை போடுறேன் போர்டு எழுதச் சொல்லுங்கன்னா. கெட்டிக்காரின்னு ஊரெல்லாம் சொன்னோம். அப்புறம் ஒரு நாள் எல்லாத்தையும் மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டு படுத்தவதான், அந்த மூட்டை இன்னும் அங்கதான் இருக்கு. டாக்டரம்மா பேனாவை கீழ வச்சுட்டு சொன்னாங்க, இது வெறும் டிப்ரெஷன் இல்ல, பைபோலார், அதாவது மனசு கொஞ்ச நாள் ஒரேயடியா மேல ஏறுறதும் அப்புறம் கீழ விழுறதுமா இருக்குற நோய், அதுல ரெண்டாவது வகை. இந்த வகையில மேல போற நாள் சில சமயம் நாலஞ்சு நாள்தான் இருக்கும், அதிகம் ஆர்ப்பாட்டமும் இருக்காது, வீட்டுல அதை நோய்னே நினைக்க மாட்டாங்க, கீழ விழுற நாள் மட்டும் மாசக்கணக்கா இருக்கும், அதனால டாக்டர்கிட்ட வரும்போது எல்லாம் டிப்ரெஷன் மாதிரிதான் தெரியும். டிப்ரெஷன் மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா சில பேருக்கு இப்படி மேல தூக்கிவிடும். இன்னொண்ணும் சொன்னாங்க, 25 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு அந்த மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2007லேந்து எச்சரிக்கை போட வச்சிருக்கு, அதனால மாத்திரை கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேர் உயிரைக் காப்பாத்துறதும் அதுதான், ஆனா வீட்டுல பக்கத்துல ஒரு ஆள் இருந்து கவனிக்கணும்னு கட்டாயம் சொல்லி அனுப்பணும். எங்களுக்கு யாரும் சொல்லல.

அடுத்து கேட்ட கேள்வியில எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. "சாகணும்னு தோணுதாம்மா?" சுத்தி வளைக்கல, குரலைத் தாழ்த்தல, காய்ச்சல் இருக்கான்னு கேக்குற மாதிரி கேட்டாங்க. அம்மா உடனே "ஐயோ டாக்டர், அப்படியெல்லாம் கேக்காதீங்க, இல்லாததை நீங்களே எடுத்துக் கொடுக்குற மாதிரி ஆயிடும்"னாங்க. டாக்டரம்மா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "கேட்டா வராதும்மா. ஏற்கனவே இருந்தா கேக்கும்போது பாரம் இறங்கும்"னு சொல்லிட்டு தங்கச்சி முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. ஒரு நிமிஷம் இருக்கும். "தோணும். ஹாஸ்டல்ல இருக்கும்போது நிறைய தடவை"ன்னா. எனக்கு காது அடைச்சுடுச்சு. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு என்கூட போன்ல பேசின பிள்ளை. சாப்பிட்டியா, படிச்சியான்னு மட்டும் நான் கேட்டுட்டு இருந்திருக்கேன்.

அம்மாவுக்கு இன்னொரு பயம், இதெல்லாம் சீட்டுல எழுதினா போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு. அங்க இருந்த சோஷியல் வொர்க்கர் சார் உக்கார வச்சு சொன்னார், எண்ணம் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னா எந்தக் கேஸும் கிடையாது, முயற்சி பண்ணவங்களையே கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை கொடுக்குறது அரசோட கடமைன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115வது பிரிவு சொல்லுது, 2024 ஜூலைலேந்து நடைமுறைக்கு வந்த புது குற்றவியல் சட்டத்துல, தற்கொலை முயற்சியைக் குத்தம்னு சொன்ன பழைய 309 பிரிவே எடுத்தாச்சுன்னு. இந்தப் பயத்துனாலயே எத்தனை வீட்டுல மூடி வச்சிருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குல 2022ல தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர் தற்கொலையில போயிருக்காங்க, மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். ஒரு நாளைக்கு 54 பேர். ஒரு டவுன் பஸ் நிறைய ஆளு, தினமும்.

மருந்து விஷயத்துல அவங்க யோசிச்ச விதம் எனக்கு நம்பிக்கை கொடுத்துச்சு. பைபோலாருக்கு லித்தியம் பழைய நல்ல மருந்து, 1949லேந்து இருக்கு, தற்கொலை ஆபத்தைக் குறைக்கும்னு ஆராய்ச்சியில தெரிஞ்ச மருந்து. ஆனா வாந்தி எடுக்குற பிள்ளைக்கு உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் அளவு சட்டுனு ஏறி விஷமாயிடும், அதனால இவளுக்கு இப்ப வேணாம்னு முடிவு பண்ணாங்க. லாமோட்ரிஜின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ரொம்பச் சின்ன டோஸ், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் கூட்டணும், அவசரப்படக் கூடாது, உடம்புல தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே ஓடி வரணும், நாலஞ்சு நாள் போடாம விட்டுட்டா பழைய டோஸ்லேந்து நாமளா ஆரம்பிக்கக் கூடாது. இத்தனையும் சீட்டோட பின்னாடி தமிழ்ல எழுதிக் கொடுத்தாங்க. மாத்திரை அங்கேயே இலவசம். ஆனா பதினஞ்சு நாளுக்கு மேல கொடுக்க மாட்டாங்க, அலைச்சலா இருக்குன்னு முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது, வீட்டுல மாத்திரை குவிஞ்சு கிடக்கக் கூடாதுன்னுதான் அப்படி. மாத்திரை டப்பா என் பீரோவுல, சாவி என் இடுப்புல, வேளைக்கு வேளை நான்தான் எடுத்துக் கொடுக்கணும். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாம் மாமா வீட்டுக்கு போயிடுச்சு. இந்த எண்ணம் வந்தா அந்த வேகம் கொஞ்ச நேரம்தான் உச்சத்துல இருக்கும், அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல ஒண்ணும் இல்லாம பார்த்துக்கிட்டாலே பாதி ஆபத்து தாண்டியாச்சுன்னு சொன்னாங்க. இலங்கையில ஆபத்தான பூச்சிமருந்துகளை ஒவ்வொண்ணா தடை பண்ணதுலயே தற்கொலை பெரிய அளவுல இறங்கினதை உதாரணமா சொன்னாங்க.

ஒரு தாள் கொடுத்து அவ கையாலயே எழுதச் சொன்னாங்க, பாதுகாப்புத் திட்டம்னு பேரு. எனக்கு மனசு இறங்கப் போகுதுன்னு எதை வச்சுத் தெரியும், அப்ப நானா என்ன பண்ணலாம், யார்கூட இருந்தா மனசு மாறும், யார்கிட்ட வாய்விட்டு சொல்லலாம், எந்த நம்பருக்கு கூப்பிடலாம். அவ முதல் வரியில "தலைக்கு எண்ணெய் வைக்கப் பிடிக்காது"ன்னு எழுதினா. அதைப் படிச்சப்புறம்தான் யோசிச்சுப் பார்த்தேன், உண்மைதான், அவ இறங்கும்போதெல்லாம் முதல்ல தலைமுடிதான் காயும். இப்ப அம்மா ஞாயித்துக்கிழமை எண்ணெய் கிண்ணத்தோட வரும்போது அவ முகத்தை நான் கவனிக்கிறேன். அந்தத் தாள் அவ அலமாரிக் கதவு உள்பக்கம் ஒட்டியிருக்கு.

நம்பர்னு அதுல இருக்குறது 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசு சேவை, காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மூணாவது மாசம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அவளே கூப்பிட்டிருக்கா, என்னை எழுப்பலன்னு முதல்ல மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் பக்கம் பேசினவங்க இருபது நிமிஷம் பேசிட்டு "அக்காவை எழுப்பும்மா, நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லி அவளை என் ரூமுக்கு வர வச்சாங்க. அந்தக் குரலுக்கு நான் கடன்பட்டிருக்கேன். சென்னையில சினேகா அமைப்பும் இருக்கு, 1986லேந்து நடத்துறாங்க, நம்பர் 044-24640050, நாங்க கூப்பிட்டதில்ல.

இந்த ஓ.பி.யில எனக்கு ரொம்பப் பெருசா பட்டது சைக்காலஜிஸ்ட் மேடம் வச்ச சாப்பாடு. ரெண்டாவது வாரம் "அடுத்த தடவை வரும்போது மதியச் சாப்பாடு கட்டிட்டு வாங்க, எல்லாருக்கும்"னாங்க. டிபன் கேரியர்ல சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, தயிர் சாதம். ஒரு சின்ன ரூம், ஸ்டீல் மேஜை, நாங்க மூணு பேரும் சாப்பிடுறோம், மேடம் ஓரமா உக்காந்து பார்க்குறாங்க. தங்கச்சி உருளைக்கிழங்கைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி ஒரு வேலி மாதிரி கட்டிட்டா. அம்மா கெஞ்ச ஆரம்பிச்சாங்க, ஒரு வாய் கண்ணு, எனக்காக, உங்கப்பா இருந்திருந்தா... அப்புறம் அழுகை, அப்புறம் திட்டு, எங்க வீட்டுல தினம் நடக்குறது அப்படியே அங்கயும் நடந்துச்சு. மேடம் அம்மாவை நிறுத்தினாங்க. "கெஞ்சவும் வேணாம், திட்டவும் வேணாம்மா. இது மருந்து, சாப்பிடணும், நான் பக்கத்துலயே இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க, சொல்லிட்டு நீங்க சாப்பிடுங்க." அம்மா அப்படியே சொன்னாங்க, குரல் நடுங்குச்சு. நாப்பது நிமிஷம் ஆச்சு. வேலியில பாதி உள்ள போச்சு.

அப்புறம் விதிகள். மூணு வேளை, நடுவுல ரெண்டு தடவை சின்னதா ஏதாவது, மூணு நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காயவே கூடாது, ஏன்னா பட்டினி கிடக்குறதுதான் ராத்திரி அடக்க முடியாம அள்ளிச் சாப்பிட வைக்குது, அந்தக் குத்த உணர்ச்சிதான் வாந்திக்கு கொண்டு போகுது, மறுபடி பட்டினி. மன உறுதி இல்லாததால வர்றது இல்ல இதுன்னு அவகிட்ட திரும்பத் திரும்ப சொன்னாங்க. விரதம் சிகிச்சை முடியுற வரைக்கும் கிடையாது. அம்மாவுக்கு இதுதான் கஷ்டமா இருந்துச்சு, ரெண்டு நாள் பேசாம இருந்தாங்க, அப்புறம் முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு "அவளுக்கும் சேர்த்து நான் இருக்கேன்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. வீட்டுல யாரும் யார் உடம்பைப் பத்தியும் பேசக் கூடாது, குண்டு ஒல்லி மட்டுமில்ல, "நல்லா ஆயிட்டே"ன்னு கூட. சாப்பிட்டு முடிச்சு ஒரு மணி நேரம் அவ தனியா இருக்கக் கூடாது, காவல் மாதிரி இல்லாம கூட இருக்கணும். நாங்க தாயம் ஆடினோம். எட்டு மாசத்துல தாயக்கட்டம் வரைஞ்ச இடத்துல தரையே வெள்ளையாயிடுச்சு.

குறை இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரே ரூம்ல ரெண்டு மேஜை, பக்கத்து மேஜையில வேற குடும்பம், நம்ம சொல்றது அவங்களுக்கு கேக்கும், தனியா பேசணும்னு நாமளா கேட்டாத்தான் உள் ரூம் கொடுக்குறாங்க, கேளுங்க, தயங்காதீங்க. பி.ஜி. டாக்டர்கள் சில மாசத்துக்கு ஒரு தடவை மாறிடுறாங்க, புதுசா வர்றவங்ககிட்ட முழுக் கதையும் முதல்லேந்து சொல்லணும், மூணாவது தடவை தங்கச்சி அழுதுட்டா, அதுக்கப்புறம் நான் ஒரு நோட்டுல தேதி வாரியா எழுதி அதையே நீட்ட ஆரம்பிச்சேன். சைக்காலஜிஸ்ட் வாரத்துல ரெண்டே நாள். உணவு ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பினப்போ அங்க கலோரி எண்ணி எழுதிட்டு வரச் சொன்னாங்க, இந்த நோய் உள்ள பிள்ளைகிட்ட போய் அதைச் சொல்லலாமா, அந்த ஒரு வாரம் நாங்க பட்ட பாடு, மேடம் தெரிஞ்சுக்கிட்டு உடனே நிறுத்தினாங்க. ஒரே ஆஸ்பத்திரிக்குள்ள ரெண்டு பிரிவு பேசிக்கிட்டிருந்தா இது நடந்திருக்காது. சாப்பாட்டுக் கோளாறுக்குன்னு தனி நாள் ஒண்ணு அவசியம் வேணும், வர்ற பிள்ளைங்க கூடிட்டே இருக்காங்க, அந்த பெஞ்சுல நானே பார்க்குறேன்.

போறவங்களுக்கு: பழைய மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாம எடுத்துட்டுப் போங்க. தண்ணி பாட்டில், சாப்பிட ஏதாவது வச்சுக்கோங்க, காத்திருக்குற நேரத்துல அவங்க பட்டினி கிடக்கக் கூடாது. நல்லா சுறுசுறுப்பா இருந்த நாளைப் பத்தியும் சொல்லுங்க, கஷ்டப்பட்ட நாளை மட்டும் சொல்லாதீங்க. ராத்திரி உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா ஓ.பி. திறக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆளை தனியா விடாம 108ஐக் கூப்பிடுங்க, இல்ல நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க. மருத்துவக் காப்பீடு இருந்தா, உடம்பு நோய்க்கு மாதிரியே மன நோய்க்கும் கொடுக்கணும்னு அதே 2017 சட்டத்துல இருக்கு, இல்லன்னு சொன்னா விடாதீங்க.

இப்ப நிலைமைன்னு கேட்டா, வாந்தி முழுசா நிக்கல, ஆனா வாரக்கணக்குல இல்லாம போகுது, வந்தா மறைக்காம சொல்றா. நடுவுல ஒரு தடவை மனசு நல்லா இறங்குச்சு, எண்ணெய் கிண்ணத்தைத் தள்ளிவிட்ட அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டோம், சீட்டு தேதி வரைக்கும் காத்திருக்கல. பொட்டாசியம் சரியாயிடுச்சு. காலேஜ் இந்த வருஷம் வீட்டுலேந்தே பஸ்ல போய்ட்டு வர்றா. அடுத்த விசிட் செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர்கிட்ட இன்னும் ரெண்டு பல்லுக்கு ஃபில்லிங் பாக்கி, அதையும் அன்னைக்கே முடிச்சுட்டு வரலாம்னு இருக்கோம்.